உயிர் பெற்ற கோடுகள் – 8: அரசன், பறவை, பறிபோன படம்

ஜெர்மனியின் போட்ஸ்டாமில், வண்டிக் கொட்டகைக்கு மேலே இருந்த ஒரு பரணில் லோட்டே ரைனிகர் கறுப்புத் தாளைக் கத்தரித்துக் கத்தரித்து, மூன்றாண்டு உழைத்து, 1926-இல் ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’ படத்தை முடித்ததை இந்தத் தொடரில் பார்த்தோம். 1937 டிசம்பரில் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வெளியாகி, அடுத்த ஆண்டே ஐரோப்பாவைக் கட்டிப்போட்டதையும் பார்த்தோம்.

அதன் பிறகு, பட்டறை வைத்திருந்த ஐரோப்பிய ஓவியர்கள் முன்னால் ஒரு கேள்வி நின்றது. ஹாலிவுட்டின் பணமும் ஆள்பலமும் இல்லாமல், டிஸ்னியின் நகலாகவும் ஆகாமல், குழந்தைகளுக்கு வண்ணத்தில் ஒரு முழுநீளப் படத்தை வரைந்துவிட முடியுமா?

முடியும் என்று பாரிஸில் ஒருவர் இறங்கினார். அவர் நினைத்த வடிவில் அந்தப் படம் திரைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

*

அந்நியர் ஆண்ட நகரத்தில்

போல் க்ரிமோ 1905-இல் பாரிஸை ஒட்டிய நெய்யி நகரில் பிறந்தவர். விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்து பிழைத்தவர். 1936-இல் ஆந்த்ரே சாரூ என்பவருடன் சேர்ந்து ‘லே ஜெமோ’ என்ற சிறு பட நிறுவனத்தைத் தொடங்கினார். வரைவது க்ரிமோவின் பொறுப்பு. பணத்தையும் வியாபாரத்தையும் பார்ப்பது சாரூவின் பொறுப்பு. ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் விளம்பரப் படங்கள்தான்.

1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் அமெரிக்கப் படங்களுக்குத் தடை விழுந்தது. மிக்கி மவுஸும் டொனால்ட் டக்கும் திரையிலிருந்து மறைந்தார்கள். பிரான்சில் கார்ட்டூன் படம் வரைகிறவர்களுக்கு அந்த இருண்ட காலத்தில்தான் திரையில் இடம் கிடைத்தது.

‘லே ஜெமோ’ அந்த ஆண்டுகளில் அடுத்தடுத்துக் குறும்படங்களை எடுத்தது. ‘சோளக்கொல்லைப் பொம்மை’ 1943-இல் வந்தது. இடிதாங்கிகளைத் திருடுகிறவனைப் பற்றிய படத்தில் க்ரிமோவின் கை தெளிந்துவிட்டது. கூரைகளின் மேல் ஓட்டம், கீழே அதலபாதாளம், துரத்திவரும் காவலர்கள். பின்னால் வரப்போகும் பெரிய படத்தின் எலும்புக்கூடு அதிலேயே தெரிகிறது.

காவலுக்கும் சோதனைக்கும் நடுவே வாழ்ந்த ஒரு நகரத்து ஓவியர், ஓடி ஒளிகிறவர்களின் கதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

*

ஆண்டர்சன் கதையை மாற்றிய கவிஞர்

போர் முடிந்தது. க்ரிமோவின் பழைய நண்பர் ஒருவர் பட்டறைக்குள் வந்தார். பெயர் ஜாக் ப்ரெவேர்.

அப்போது பிரான்சில் ப்ரெவேரை அறியாதவர்கள் குறைவு. ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். 1946-இல் வந்த ‘சொற்கள்’ என்ற அவருடைய கவிதைத் தொகுப்பைக் கவிதையே படிக்காதவர்களும் வாங்கினார்கள். முப்பதுகளில் ‘அக்டோபர் குழு’ என்ற தொழிலாளர் நாடகக் குழுவுக்கு நாடகம் எழுதியவர். எளியவர்கள் பக்கம் நிற்பதும், சீருடையையும் கிரீடத்தையும் கண்டால் சீறுவதும் அவருடைய இயல்பு.

இருவரும் முதலில் ஆண்டர்சனின் தகரச் சிப்பாய் கதையை ‘குட்டிச் சிப்பாய்’ என்ற குறும்படமாக்கினார்கள். ஜோசெஃப் கோஸ்மா இசையமைத்தார். 1947-இல் முடிந்த அந்தப் படம் அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் விருது பெற்றது. அந்த நம்பிக்கையில், ஆண்டர்சனின் இன்னொரு கதையை முழுநீளப் படமாக்க முடிவு செய்தார்கள். ‘ஆடு மேய்க்கும் பெண்ணும் புகைபோக்கி துடைப்பவனும்’.

1845-இல் ஆண்டர்சன் எழுதிய அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த இதழின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

ஒரு வீட்டு மேசையில் இரண்டு பீங்கான் பொம்மைகள். அவள் ஆடு மேய்ப்பவள்; அவன் புகைபோக்கி துடைப்பவன். இருவருக்கும் காதல். அலமாரியில் செதுக்கியிருக்கும் ஆட்டுக்கால் மனிதனுக்கு அவளைக் கட்டிவைக்க ஒரு கிழட்டுப் பொம்மை தலையாட்டிவிடுகிறது. காதலர்கள் அடுப்புக்குள் நுழைந்து, புகைக்குழாய் வழியே ஏறிக் கூரைக்கு வந்துவிடுகிறார்கள். மேலே நட்சத்திரங்கள், கீழே ஊர் முழுவதும். அந்தப் பரப்பைக் கண்டதும் அவள் பயந்து அழுகிறாள். மறுபடி மேசைக்கே போய்விடலாம் என்கிறாள். போய்விடுகிறார்கள்.

ப்ரெவேருக்கு இந்தத் திரும்புதல் ஒவ்வவில்லை. அவருடைய காதலர்கள் மேசைக்குத் திரும்ப மாட்டார்கள்.

அலமாரிப் பொம்மை ஒரு சர்வாதிகாரி ஆனது. மேசை ஓர் அரண்மனை ஆனது. பீங்கான் பொம்மைகள், அரசனின் அறையில் தொங்கும் இரண்டு ஓவியங்களாக மாறின. ஆண்டர்சனிடம் இல்லாத ஒரு பறவையும் வந்து சேர்ந்தது. வாயாடி, துணிச்சல்காரன், தாயில்லாத குஞ்சுகளின் தகப்பன். அந்தத் தாயைச் சுட்டவன் அரசன்.

*

மேலிருந்து கீழே ஒரு நாடு

தகிகார்தி என்பது நாட்டின் பெயர். அரசனுக்கு ‘ஐந்தும் மூன்றும் எட்டு, எட்டும் எட்டும் பதினாறு’ சார்லஸ் என்று பட்டம். மாறுகண் உள்ளவன். வேட்டையில் வெறி, குறியோ தவறும். நாட்டில் எங்கு திரும்பினாலும் அவனுடைய சிலை. அவனை உள்ளபடியே வரைந்த ஓவியனுக்கு ஒரு பதக்கம் கிடைக்கிறது. அடுத்த நொடி காலடியில் தரை திறந்துகொள்கிறது. அரசனுக்குப் பிடிக்காதவர்கள் எல்லாரும் இப்படித்தான் மறைகிறார்கள்.

அரண்மனை விண்ணை முட்டுகிறது. லிஃப்ட்காரன் ஒவ்வொரு தளமாக அறிவித்துக்கொண்டே போகிறான்; அந்தப் பட்டியலில் சிறைகளுக்கும் இடமுண்டு. உச்சியில் அரசனின் ரகசிய அறை. அதற்கும் மேலே, கூரையில், பறவையின் கூடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நகரம். அங்கே சூரியன் எட்டிப் பார்த்ததில்லை. அங்குள்ள சனங்கள் பறவையைக் கண்டதில்லை.

ஒரு நாட்டின் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை க்ரிமோ உயரத்தைக் கொண்டே காட்டிவிட்டார். யார் எங்கே வசிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், அநீதி புரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். சிறுவர் படத்தில் அரசியலை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன படத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அரசனின் அறையில் இரவில் ஓவியங்கள் உயிர் பெறுகின்றன. காதலர்கள் சட்டத்தை விட்டு இறங்கிப் புகைக்குழாயில் ஏறுகிறார்கள். அரசனின் ஓவியமும் இறங்குகிறது. உண்மையான அரசனைப் பொறிக்கதவுக்குள் தள்ளிவிட்டு அரியணையில் அமர்கிறது. அதன் பின் ஆட்சி செய்வது ஓர் ஓவியம். யாரும் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் திரைக்குக் கொண்டுவருவது எளிய காரியமா? ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு மணி நேரத்துக்கு 86,400 ஃப்ரேம். பாத்திரங்களைத் தாளில் வரைந்து, செல்லுலாயிட் தாளில் படியெடுத்து, பின்புறம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும். டிஸ்னியிடம் நூற்றுக்கணக்கானோர் பழகிப் பழகித் தேர்ந்திருந்தார்கள். பாரிஸில் ஆட்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே படத்தையும் எடுக்க வேண்டியிருந்தது.

போதாததற்கு, 1948 அக்டோபரில் ப்ரெவேர் வானொலி அலுவலகத்தின் சன்னலிலிருந்து தவறி விழுந்தார். பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்து எழுந்தார். ஆனால் படத்தின் நாட்காட்டி ஏற்கெனவே கிழிந்துகொண்டிருந்தது.

*

1950: கதவு சாத்தப்பட்டது

பணம் கரைந்தது. போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த பிரான்சில் இவ்வளவு பெரிய சிறுவர் படத்துக்குக் கடன் கொடுத்தவர்கள், எப்போது முடியும் என்று கேட்கத் தொடங்கினார்கள். க்ரிமோவிடம் அவர்களைத் திருப்திப்படுத்தும் பதில் இல்லை. ஓர் அசைவு சரியாக வரவில்லை என்றால் திரும்ப வரையச் சொல்கிறவர் அவர்.

அந்த 1950-ஆம் ஆண்டின் கடைசியில் இன்னொரு அடியும் விழுந்தது. ஜான் இமாஜ் என்பவர் எடுத்த ‘அஞ்சாத ஜான்னோ’ வெளியானது. பிரான்சில் வண்ணத்தில் வரையப்பட்ட முதல் முழுநீளப் படம் என்ற பெயரை அது தட்டிக்கொண்டது. க்ரிமோவின் படம் அதற்கு முன்பே தொடங்கியது. இன்னும் பட்டறையில் கிடந்தது.

பெரும்பகுதி வரைந்து முடிந்திருந்த நேரத்தில் சாரூவுக்கும் க்ரிமோவுக்கும் இடையே இருந்த விரிசல் உடைப்பாயிற்று. படத்தைச் சீக்கிரம், குறைந்த செலவில் முடித்து வெளியிட வேண்டும் என்றார் சாரூ. நினைத்தபடி முடிக்காமல் வெளியிட முடியாது என்றார் க்ரிமோ. ப்ரெவேர் நண்பரின் பக்கம் நின்றார்.

தயாரிப்பு சாரூவின் கையில் இருந்தது. க்ரிமோவும் ப்ரெவேரும் சொந்தப் படத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்.

சாரூவைக் கொடியவராக்கி இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சம்பளம் போட வேண்டியவர் அவர். கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். போர்க்காலத்தில் பட்டறையைத் தாங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் படைத்தவரை வெளியே நிறுத்திவிட்டுப் படைப்பை முடிப்பது வேறு காரியம். படைத்தவர்களிடம் சம்மதம் வாங்காமல், கையில் இருந்ததை ஒட்டி, இடைவெளிகளை மற்றவர்களைக் கொண்டு நிரப்பி, 63 நிமிடப் படமாக அதைக் கட்டிவிட்டார்கள்.

1952-இல் படம் வெனிஸ் விழாவுக்குப் போனது. அங்கே விருதும் கிடைத்தது. க்ரிமோவும் ப்ரெவேரும் தங்களுக்கும் அந்த வடிவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். தடுக்க முடியவில்லை. 1953-இல் பிரான்சின் திரையரங்குகளில் படம் ஓடியது. பறவைக்கு பியேர் ப்ராஸர் குரல் கொடுத்திருந்தார். ஆடு மேய்க்கும் பெண்ணுக்கு இளம் அனூக் எமே. ஆங்கிலத்தில் ‘மிஸ்டர் வொண்டர்பேர்ட்’ என்று பெயர் மாற்றி, பறவைக்கு பீட்டர் உஸ்தினோவின் குரலை ஏற்றி, உலகம் சுற்ற அனுப்பினார்கள்.

க்ரிமோ சிறியதாக ஒரு சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, மறுபடி விளம்பரப் படங்களுக்குத் திரும்பினார். ‘லே ஜெமோ’ நிலைக்கவில்லை.

*

டோக்கியோ, 1955

அறுபட்ட அந்தப் படத்தின் ஒரு பிரதி ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1955-இல் ‘மாறுகண் கொடுங்கோலன்’ என்ற பெயரில் டோக்கியோவில் திரையிடப்பட்டது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர். வயது பத்தொன்பது, இருபது இருக்கும். பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர். ப்ரெவேரின் கவிதையில் தோய்ந்தவர். பெயர் இசாவோ தகஹாட்டா.

அவருக்கு வரையத் தெரியாது. கடைசிவரை அவர் வரையவில்லை. திரையில் அவர் கண்டது கோட்டழகைவிடப் பெரிய ஒன்று. ஒரு கார்ட்டூன் படத்தால் ஒரு சமூகத்தை முழுதாகக் கட்டி எழுப்ப முடிகிறது. கட்டி, அதைக் கேள்வி கேட்கவும் முடிகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் சொல்லவே முடியாததை இந்தக் கலையால் சொல்ல முடியும் என்ற எண்ணம் அவருக்குள் இறங்கியது. இந்தத் தொழிலுக்கு வரக் காரணமான படம் என்று பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

பட்டப்படிப்பை முடித்து 1959-இல் ‘தோயே’ அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டு கழித்து அங்கே ஹயாவோ மியாசாகி வந்தார். அரண்மனையின் உயரத்தை மியாசாகியும் மறக்கவில்லை. திரையில் இடத்தை மேலும் கீழுமாகப் பயன்படுத்தக் கற்றது க்ரிமோவிடம்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். பொறிக்கதவும் கோபுரமும் நிறைந்த ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’யையும், தனித்து நிற்கும் இயந்திர மனிதன் வரும் ‘லபுதா’வையும் பார்த்தவர்களுக்கு அந்த உறவு விளங்கும். இவர்கள் இருவரும் பின்னாளில் எடுத்த, நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று ஆசையோடு பார்க்கும் ஜிப்லி படங்களின் வேர்களில் ஒன்று பாரிஸில் ஊன்றியிருக்கிறது.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என்னை விடாமல் துரத்தும் இடம் இது. க்ரிமோ தன்னுடையது இல்லை என்று மறுத்த வடிவம், யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் வழக்காடிய வடிவம், அதுவே டோக்கியோவுக்குப் போனது. அன்று நீதிமன்றத்தில் க்ரிமோ வென்றிருந்தால், பத்தொன்பது வயதுத் தகஹாட்டாவின் கண்ணில் அது பட்டிருக்குமா? தோற்றவருக்கு நேர்ந்த அநீதி இதனால் நியாயம் ஆகிவிடாது. என்றாலும் ஆசிய அனிமேஷனின் ஒரு பெரிய கிளை அந்தத் தோல்வியிலிருந்து முளைத்தது என்பதை மறைக்கவும் முடியாது.

*

திரும்ப வாங்கிய நெகட்டிவ்

டோக்கியோவை அங்கேயே நிறுத்திவிட்டு, க்ரிமோவின் கதையை முடித்துவிடுவோம்.

அவர் முடங்கிக் கிடக்கவில்லை. குறும்படங்கள் எடுத்தார். இளைஞர்களுக்குப் பட்டறையைத் திறந்துவிட்டார். பின்னாளில் இசைப் படங்களால் புகழ்பெற்ற ஜாக் தெமி, இளவயதில் அவரிடம் வேலை பார்த்தவர். ஜான்-ஃபிரான்சுவா லாகியோனி தன் முதல் குறும்படத்தை க்ரிமோவின் நிறுவனத்தில்தான் எடுத்தார். 1965-இல் அது அன்சி அனிமேஷன் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. அதே லாகியோனி 2011-இல், ஓவியத்துக்குள் இருக்கும் மனிதர்கள் சட்டத்தைத் தாண்டி வெளியே வரும் ஒரு முழுநீளப் படத்தை எடுத்தார். ஆசானின் வித்து எங்கே முளைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

1967-இல் க்ரிமோ அந்த நெகட்டிவையும் உரிமையையும் மீட்டார். இழந்து பதினேழு ஆண்டு ஆகியிருந்தது.

மீட்டதும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவரோ ப்ரெவேரை அழைத்தார். படத்தை மறுபடி எடுப்போம் என்றார்கள். பணம் கிடைக்கவே இன்னும் பத்தாண்டு ஆயிற்று.

பழைய படத்திலிருந்து தங்களுக்கு உடன்பாடான பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 40 நிமிடம் தேறியது. மற்றதை வெட்டி எறிந்தார்கள். அதே அளவுக்குப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. முதல் படத்தில் வேலை செய்த பலர் அப்போது இல்லை. புது அனிமேட்டர்கள், முப்பதாண்டுக்கு முந்தைய கையின் கோட்டைக் கற்க வேண்டும். அன்றைய வண்ணமும் ஃபிலிமும் இன்று இல்லை. பழைய பட்டுப்புடவைக்கு ரவிக்கைத்துணி தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். படத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் இப்போதும் தெரிகிறது. தெரிவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே காட்சிக்குள் நாற்பது வயதுக்காரனின் கையும் எழுபது வயதுக்காரனின் கையும் சேர்ந்து வேலை செய்வதை வேறு எந்தப் படத்தில் பார்க்கிறோம்?

கோஸ்மா 1969-இல் காலமாகியிருந்தார். அவருடைய பாட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னணி இசைக்கு போலந்துக்காரரான வோய்செக் கிலாரை அழைத்தார்கள். அவருடைய பியானோ வந்ததும் படத்தின் நெஞ்சு கனத்தது. வேடிக்கைக்கு அடியில் ஒரு சோகம் ஓடத் தொடங்கியது.

ப்ரெவேர் இறுதிவரை திரைக்கதையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1977 ஏப்ரலில் அவரும் போனார்.

படத்தின் முடிவு மட்டும் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நண்பர்கள் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அரசன் கட்டளைக்கு ஆடிய பிரம்மாண்டமான இயந்திர மனிதன், பறவையின் கைக்கு வந்து அரண்மனையைத் தகர்க்கிறது. அங்கேயே முடித்திருந்தால் கைதட்டு நிச்சயம். க்ரிமோ அங்கே முடிக்கவில்லை. இடிபாடுகளின் மேல் இயந்திரம் தனியே உட்கார்ந்திருக்கிறது. ரோடினின் ‘சிந்தனையாளன்’ சிலையைப் போல, மோவாயில் கை. அருகில் ஒரு சிறு கூண்டு. உள்ளே மாட்டிக்கொண்ட குஞ்சு. இயந்திரம் விரலால் கதவைத் தூக்கிக் குஞ்சைப் பறக்கவிடுகிறது. பிறகு கூண்டின்மேல் கையை ஓங்கி இறக்கி நசுக்குகிறது.

கட்டளையிட யாரும் இல்லாதபோது அந்த இயந்திரம் தானாகச் செய்யும் முதல் காரியம் அது. இந்த ஒரு நிமிடத்துக்காக அவர் முப்பது ஆண்டு காத்திருந்தார் என்றால், அந்தக் காத்திருப்பு வீண் இல்லை என்றுதான் சொல்வேன்.

‘அரசனும் பறவையும்’ என்று புதுப் பெயர். 1979-இல் பிரான்சின் மதிப்புமிக்க லூயி தெலுக் விருது கிடைத்தது. ஓர் அனிமேஷன் படத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1980 மார்ச்சில் திரைக்கு வந்தது. முதல் காட்சியன்று க்ரிமோ தன் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. அது ப்ரெவேரின் இடம்.

தகஹாட்டா இரு வடிவங்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2004-இல் ‘சொற்கள்’ தொகுப்பை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்தார். 2006-இல் ‘அரசனும் பறவையும்’ ஜிப்லியின் முயற்சியால் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. மறு ஆண்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து ஒரு முழு நூலே எழுதினார். ஒரு சிறுவர் படத்துக்கு இத்தனை ஆண்டு நன்றிக்கடன் செலுத்திய இன்னொரு இயக்குநரை எனக்குத் தெரியவில்லை.

*

தோயேயின் கூடாரத்தில்

இனி டோக்கியோவுக்குத் திரும்புவோம். ஆண்டு 1965.

தோயே நிறுவனம் கிழக்கின் டிஸ்னியாக வேண்டும் என்ற கனவோடு தொடங்கப்பட்டது. 1958-இல் ‘வெள்ளைப் பாம்பின் கதை’ என்ற வண்ணப் படத்தை எடுத்துக் காட்டியிருந்தது. இப்போதோ தொலைக்காட்சி வந்துவிட்டது. வாரந்தோறும் தொடர், குறைந்த வரைபடம், குறைந்த செலவு. முழுநீளப் படங்களின் காலம் முடியப்போகிறது என்ற அச்சம் பட்டறையில் பரவியது.

ஊழியர்கள் சங்கத்தில் திரண்டார்கள். தகஹாட்டா சங்கத்தின் முன்வரிசையில் நின்றார். புதிதாகச் சேர்ந்த மியாசாகி அடுத்த ஆண்டே சங்கச் செயலர் பொறுப்புக்கு வந்திருந்தார். அங்கே மூத்தவர் யசுவோ ஒட்சுகா, கைதேர்ந்த அனிமேட்டர்.

அடுத்த முழுநீளப் படத்துக்கு வரைவுப் பொறுப்பை ஏற்கும்படி நிர்வாகம் ஒட்சுகாவைக் கேட்டது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தகஹாட்டாதான் இயக்க வேண்டும்.

நிர்வாகம் தயங்கியது, பிறகு இசைந்தது. வரையத் தெரியாத, சங்கத்தில் முன்னின்ற, முழுநீளப் படம் எதையும் அதுவரை இயக்காத முப்பது வயதுக்காரர் கையில் படம் வந்தது. ‘ஹோருஸ்: சூரியனின் இளவரசன்’ என்று பெயர். ஒரு கிராமம் முழுவதும் ஒன்றுசேர்ந்து ஒரு கொடியவனை எதிர்க்கும் கதை. கூட்டங்களில் கதை பேசப்பட்டது. கடைநிலை ஊழியரும் யோசனை எழுதிக் கொடுத்தார். மியாசாகி, கேட்காமலே ஓவியங்களைக் குவித்தார்.

அசைவு சரியாக வரவில்லை என்றால் தகஹாட்டாவும் திரும்ப வரையச் சொல்கிறவர். நாட்கள் நழுவின. குறித்த தேதி கடந்தது. செலவு ஏறியது. நிர்வாகம் எச்சரித்தது. 1966 இலையுதிர்காலத்தில் தயாரிப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

பாரிஸில் 1950-இல் நடந்ததை அந்த அறையில் தகஹாட்டாவைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பாதியில் நிற்கும் ஒரு படம். பொறுமையிழந்த ஒரு நிர்வாகம். விட்டுக்கொடுக்காத ஓர் இயக்குநர். க்ரிமோவுக்குத் துணை ஒரு கவிஞர் மட்டுமே. தகஹாட்டாவுக்குப் பின்னால் ஒரு சங்கமே நின்றது. அந்த வேறுபாடு படத்தை அவர் கையில் தக்கவைத்ததா, அல்லது அதைப் பறிக்க நிர்வாகத்துக்குக் கூடுதலாக ஒரு காரணத்தைக் கொடுத்ததா?

(தொடரும்)